வீடு மாற்றும்போது சாமான்களுக்கு இன்சூரன்ஸ்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலூரில் சத்துவாச்சாரியிலிருந்து காட்பாடி காந்தி நகருக்குக் குட்டி யானையில் இரண்டு நடையாகச் சாமான் ஏற்றுகிறவர்கள் இன்சூரன்ஸைப் பற்றி யோசிப்பதில்லை. அதைக் குறை சொல்லவும் முடியாது. ஆனால் வேலூரிலிருந்து ஹைதராபாத்துக்கோ புனேவுக்கோ குடும்பத்தோடு இடம் பெயர்கிறவர்கள், பேக்கர்ஸ் அண்டு மூவர்ஸ் தரும் கொட்டேஷனில் ‘டிரான்சிட் இன்சூரன்ஸ்’ (வழியில் சாமானுக்கு நேரும் இழப்புக்கான காப்பீடு) என்று ஒரு வரியும் அதற்கெதிரே ஒரு தொகையும் இருப்பதைப் பார்த்து, காப்பீடு ஆகிவிட்டதென்று நம்பிவிடுவதே எல்லாத் தவறுகளிலும் பெரியது.

சாமான் மதிப்பில் நூற்றுக்கு இவ்வளவு என்று வாங்கப்படும் அந்தத் தொகை ஒரு காப்பீட்டு நிறுவனத்தைச் சென்றடைந்து, பாலிசி எண்ணோடு கூடிய சான்று வந்தால்தான் அது இன்சூரன்ஸ். இல்லையேல் அது வாடகையின் இன்னொரு பெயர். 1938ஆம் ஆண்டின் இன்சூரன்ஸ் சட்டம், 64விபி பிரிவின்படி, பிரீமியம் முன்கூட்டியே கிடைக்காமல் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பேற்க முடியாது. ஆகவே, “வண்டி கிளம்பட்டும் சார், பேப்பரை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறோம்” என்ற பேச்சுக்கு இணங்காமல், சாமான் ஏறுவதற்கு முன்பே சான்றை வாங்கி, அதில் உங்கள் பெயர், புறப்படும் ஊர், சேரும் ஊர், காப்பீட்டுத் தொகை ஆகியவை சரியாக உள்ளனவா என்று பார்த்து, பாலிசி எண்ணைக் காப்பீட்டு நிறுவனத்திடமே கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும்.

“உடைந்தால் லாரிக்காரர் கொடுக்கட்டும்” என்று இருந்துவிடுவதும் ஆபத்தே. 2007ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டமும் 2011ஆம் ஆண்டின் விதிகளும், சரக்கின் கூடுதல் மதிப்பை முன்கூட்டியே அறிவித்து அதற்கான கட்டணத்தைச் செலுத்தாதபோது, போக்குவரத்து நிறுவனத்தின் பொறுப்பைப் பொதுவாக வாடகையின் பத்து மடங்கோடு நிறுத்துகின்றன. வாடகை 15,000 ரூபாய் என்றால் உச்சவரம்பு 1,50,000 ரூபாய். பேக்கிங், ஏற்றுகூலி, இறக்குகூலி ஆகியவற்றைத் தனித்தனியாகப் பிரித்து, வாடகையை மட்டும் 8,000 என்று பில்லில் காட்டியிருந்தால், 80,000க்கு மேல் தர வேண்டியதில்லை என்று அவர்கள் வாதிடவும் இடமுண்டு. பில்லை இந்தக் கண்ணோடு படிக்கிறவர்கள் அரிது.

பாலிசியின் வகையும் முக்கியம். உள்நாட்டுப் போக்குவரத்துக் காப்பீட்டில் ‘ஏ’ பிரிவு, விலக்கப்பட்டவை தவிர எல்லா இழப்புகளையும் ஏற்கும். ‘பி’ பிரிவு தீ, மின்னல், மோதல், வண்டி கவிழ்தல் போன்றவற்றோடு நிற்கும். ‘சி’ பிரிவில் தீயும் மின்னலும் மட்டுமே. வேகத்தடையில் லாரி தூக்கிப்போட்டு டிவி திரை விரிசல் விட்டால், ‘பி’ பிரிவுக்காரருக்குப் பெரும்பாலும் ஒன்றும் கிடைக்காது.

பிரீமியத்தை மிச்சம் பிடிப்பதற்காக மதிப்பைக் குறைத்துக் காட்டுவது கண்ணுக்குத் தெரியாத நட்டம். 6 லட்சம் பெறுமானமுள்ள சாமான்களை 3 லட்சத்துக்குக் காப்பீடு செய்தால், ஒரு லட்சம் இழப்புக்கு ஏறக்குறைய 50,000 ரூபாய்தான் தருவார்கள். ‘வீட்டுச் சாமான், மொத்தம்’ என்று ஒரே வரியில் எழுதாமல், ஒவ்வொரு பொருளையும் மாடல் எண்ணுடன் பட்டியலிட்டு, ஃபிரிட்ஜின் பக்கவாட்டில் ஏற்கெனவே உள்ள கீறல் உட்படப் புகைப்படம் எடுத்து, அட்டைப் பெட்டிகளின் மேல் ‘சமையலறை 7’ என்பதுபோல் எண்ணிட்டு, அதே எண்ணைப் பட்டியலிலும் குறித்துவைக்க வேண்டும். வெட் கிரைண்டரின் கல்லை உள்ளேயே விட்டுக் கட்டினால் பாத்திரம் நசுங்கும். அதைப் போதாத பேக்கிங் என்று சொல்லி நிராகரித்துவிடுவார்கள். நகை, ரொக்கம், பத்திரங்களைப் பொதுவாக இந்தக் காப்பீடு ஏற்காது. அவை உங்கள் கைப்பையில் வரட்டும்.

நம் பக்கத்தில் அதிகம் நேரும் சிக்கல் ஒன்று உண்டு. ஆடிக்குள் வீட்டைக் காலி செய்துவிட்டு, ஆவணியில் நல்ல நாள் பார்த்துப் பால் காய்ச்சும்வரை சாமான்களை மூவர்ஸ் குடோனிலோ உறவினர் வீட்டு மாடியிலோ போட்டுவைப்பவர்கள் பலர். சாலைவழிக் காப்பீடு, சாமான் ஒப்படைக்கப்பட்டதும் முடியும். ஒப்படைக்காவிட்டாலும், வண்டி சேருமிடத்தை அடைந்து 7 நாட்களில் வழக்கமான விதிப்படி காலாவதியாகும். குடோனில் மழைநீர் புகுந்தால் பாலிசி கைகொடுக்காது. இருப்புக் காலத்துக்குத் தனியாகக் காப்பீடு கேட்டு வாங்க வேண்டும். வீட்டுக் காப்பீட்டு பாலிசி இருக்கிறதே என்றும் இருக்க முடியாது. அது பெரும்பாலும் குறிப்பிட்ட முகவரிக்குள் இருக்கும் பொருள்களுக்கானது.

சாமான் இறங்கும்போது, ஆட்கள் அவசரப்படுத்தினாலும், ‘நல்ல நிலையில் பெற்றேன்’ என்று வெறுமனே கையெழுத்திடாமல், சேதத்தை ரசீதிலேயே எழுதிய பிறகு கையெழுத்திடுங்கள். அன்றே காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவியுங்கள். சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் வந்து பார்க்கும்வரை உடைந்த பொருளையும் அது வந்த பெட்டியையும் குப்பையில் போடாதீர்கள். போக்குவரத்து நிறுவனத்தின் மீது வழக்குத் தொடர வேண்டுமானால், சாமான் புக் செய்த நாளிலிருந்து 180 நாட்களுக்குள் எழுத்து வடிவில் நோட்டீஸ் அனுப்பியிருக்க வேண்டும். காப்பீட்டு நிறுவனம் கோரிக்கையை மறுத்தால், முதலில் அதன் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுத்தில் முறையிட்டு, ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலும், வந்த பதில் திருப்தியளிக்காவிட்டாலும், காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும், சென்னையிலுள்ள இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேன் அலுவலகத்தில் கட்டணமின்றிப் புகார் செய்யலாம். அதற்கான கால வரம்பு ஓராண்டு.