உப்பு பிடித்து இறுகிய போல்ட்டு: பாய்ப்படகில் கழற்றும் முறை

வாடைக்காலம் முடிந்து கடல் தணிந்ததும், பிரப்பன்வலசைக் கரையில் கவிழ்த்துப் போட்டிருந்த என் 14 அடி பைபர் பாய்ப்படகைத் திருப்பிப் பார்த்தேன். அலுமினியப் பாய்மரத்தில் நாலு போல்ட்டு, சுக்கான் கீலில் இரண்டு. ஆறும் அசையவே இல்லை. பதினொரு நாள் பாடுபட்டு ஐந்தை முழுதாக எடுத்தேன், ஒன்று முறிந்தது. எது பலித்தது, எது பலிக்கவில்லை என்று அப்படியே எழுதுகிறேன். ஸ்பேனரை எந்தப் பக்கம் திருப்புவது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

நம் கரையின் உப்புக்காற்றை யாரும் லேசாக எண்ண வேண்டாம். 1914இல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தில் துரு ஏறி, 2022 டிசம்பரில் ரயிலையே நிறுத்த வேண்டியதாயிற்று. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்துக்குத் துருப்பிடிக்காத கம்பியும் தனி பெயின்டும் தேவைப்பட்டன. விரல் தடிமன் போல்ட்டு எம்மாத்திரம்?

1. முதலில் நிறத்தைப் பாருங்கள்

எண்ணெயை எடுப்பதற்கு முன் இதைச் செய்யுங்கள். செந்துரு என்றால் இரும்பு, அல்லது துத்தநாகப் பூச்சு போன ஜி.ஐ. இரும்பு. சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாகப் பூத்திருந்தால் அலுமினியம். பச்சை பிடித்திருந்தால் பித்தளையோ வெண்கலமோ. பித்தளையைச் சுரண்டிப் பார்க்கும்போது மஞ்சளாக இல்லாமல் இளஞ்சிவப்பாகத் தெரிந்தால், அதிலிருந்த துத்தநாகம் கரைந்து போய்விட்டது. அதைக் காப்பாற்றப் பார்க்காதீர்கள், புதிதாக மாற்றிவிடுங்கள்.

2. நல்ல தண்ணீர், பிரஷ்

நல்ல தண்ணீர் விட்டு உப்பைக் கழுவி, காயவிடுங்கள். எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) போல்ட்டை இரும்புக் கம்பி பிரஷால் தேய்க்காதீர்கள். அதன் இரும்புத் துகள் ஒட்டிக்கொண்டு பிறகு துருவாகப் பூக்கும். பித்தளைக் கம்பி பிரஷ் போதும்.

3. எண்ணெய்

எல்லோரும் முதலில் நீட்டுவது டபிள்யூ.டி-40. ஈரத்தை விரட்டுவதற்கென்று உருவாக்கியது அது, அந்த வேலையை நன்றாகவே செய்யும். நாள்பட்ட துருவுக்குள் இறங்குவதற்கு என் தேர்வு வேறு: காரின் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கு ஊற்றும் ஏ.டி.எஃப். எண்ணெயும் அசிட்டோனும் பாதிக்குப் பாதி. இரண்டும் தானாகக் கலந்து நிற்காது, ஒவ்வொரு முறையும் குலுக்கித்தான் விட வேண்டும். அசிட்டோன் சட்டென்று தீப்பிடிக்கும் என்பதால் அந்தப் பக்கம் பீடி, அடுப்பு எதுவும் கூடாது. காலையும் மாலையும் நாலு சொட்டு, மூன்று நாள். விட்டதும் போல்ட்டுத் தலையில் சுத்தியலால் லேசாகப் பத்துப் பதினைந்து தட்டு. அந்த அதிர்வில்தான் எண்ணெய் மரைக்குள் இறங்கும்.

4. இறுக்கிவிட்டுக் கழற்றுங்கள்

மண்டபத்தில் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் சொன்னது: "தம்பி, முதல்ல ஒரு மயிரிழை இறுக்கு, அப்புறம் கழட்டு." இறுக்கும்போது துருவின் பிடி உடையும். "டிக்" என்று மெல்லிய சத்தம் கேட்டால் பாதி வேலை முடிந்தது. பிறகு கால் சுற்று வெளியே, அரைக்கால் சுற்று உள்ளே, கொஞ்சம் எண்ணெய், மறுபடி கால் சுற்று.

என் பெட்டியில் அட்ஜஸ்டபிள் ஸ்பேனருக்கு இடமே இல்லை. நட்டின் முனைகளை மழுக்கி, வேலையை இரட்டிப்பாக்கும். 8 மி.மீ. போல்ட்டுக்கு 13ஆம் எண் ஆறுமுனை பாக்ஸ் ஸ்பேனர் வாங்குங்கள், பன்னிரண்டு முனை வேண்டாம். திருப்புளி போடும் ஸ்க்ரூவாக இருந்தால், சுத்தியலால் அடிக்க அடிக்கத் திரும்பும் இம்பாக்ட் டிரைவர் நல்லது.

5. அலுமினியத்துக்குள் எஸ்.எஸ்.

நான் மாட்டிக்கொண்ட இடம் இதுதான். பாயின் அடிக்கம்பைப் பாய்மரத்தோடு பிணைக்கும் கீலில் நாலு எஸ்.எஸ். போல்ட்டு, அலுமினியத்தில் மரை. நாலு நாள் எண்ணெய் விட்டேன். ஐந்தாம் நாள் ஸ்பேனரில் இரண்டடிக் குழாயைச் செருகி இழுத்தேன். போல்ட்டு மெதுவாகத் திரும்புகிற மாதிரி இருந்தது. கழல்கிறது என்று சந்தோஷப்பட்டேன். அது கழலவில்லை, முறுக்கிக்கொண்டு இருந்தது. அடுத்த இழுப்பில் தலை தனியாகக் கையோடு வந்துவிட்டது. முறிந்த இடம் வெள்ளி மாதிரி பளபளத்தது, சுற்றிலும் மரையில் மாவு மாதிரி வெள்ளைப் பொடி அடைத்திருந்தது.

இரண்டு உலோகமும் உப்புத் தண்ணீரும் சேர்ந்தால் பேட்டரி மாதிரிதான். எஸ்.எஸ். தப்பித்துக்கொள்ளும், அலுமினியம் கரையும். அந்த வெள்ளைப் பொடி தின்னப்பட்ட அலுமினியத்தைவிட அதிக இடம் பிடிப்பதால், போல்ட்டை நாலு பக்கமும் நெருக்கும். எண்ணெய் அதைக் கரைக்காது, சூடுதான் வழி. ஒவ்வொரு டிகிரிக்கும் அலுமினியம் மீட்டருக்கு சுமார் 23 மைக்ரான் விரியும், எஸ்.எஸ். சுமார் 17தான். ஆகவே போல்ட்டைச் சுற்றியுள்ள அலுமினியம் சூடானால் துளை கொஞ்சம் அகன்று கொடுக்கும்.

செய்த விதம் இது: பாய்மரத்தைப் படகிலிருந்து எடுத்து மணலில் கிடத்தினேன். முதல் நாள் இரவு வினிகரில் நனைத்த துணியைச் சுற்றிவைத்தேன், அது பொடியைக் கொஞ்சம் கரைக்கும். காலையில் நல்ல தண்ணீரால் கழுவிவிட்டு, கீலைச் சுற்றிப் பழந்துணி கட்டி, கொதிக்கும் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தேன். ஐந்து நிமிடம் கழித்து ஸ்பேனர். வரவில்லை என்றால் ஆறவிட்டு மறுபடி. மூன்றாம் சுற்றில் ஒன்று அசைந்தது. மற்ற இரண்டும் மறுநாள் வந்தன.

கேஸ் டார்ச் பிடிக்காதீர்கள். அலுமினியம் இரும்பு மாதிரி பழுத்துச் சிவக்காது. 600 டிகிரியைத் தாண்டியதும் முன்னறிவிப்பில்லாமல் உருகி விழுந்துவிடும்.

6. சுக்கான் கீல்: எஸ்.எஸ். நட்டு, எஸ்.எஸ். போல்ட்டு

வேகமாகச் சுற்றினால் மரையும் மரையும் உரசிக் கடித்துக்கொள்ளும். அப்படிக் கடித்தது திரும்பி வராது. மெஷின் வேண்டாம், கையால் நிதானமாக, எண்ணெயோடு. கடித்துவிட்டால் ஆக்ஸா பிளேடால் நட்டில் ஒரு கீறல் போட்டு, அதில் உளியை வைத்துப் பிளந்துவிடுங்கள்.

7. முறிந்தால்

முறிந்த போல்ட்டுக்குள் செருகித் திருப்பி எடுக்கும் ஈஸி அவுட் எனக்குப் பிடிக்காது. கடினமான எஃகு அது. உள்ளேயே முறிந்தால் சாதாரண டிரில் அதில் இறங்காது. நடுவில் பஞ்ச் அடித்து, சின்ன டிரில்லில் தொடங்கிப் படிப்படியாகப் பெரிதாக்கிக் குடைந்தேன். இடப்பக்கம் சுற்றும் டிரில் கிடைத்தால் அதையே போடுங்கள். சில சமயம் குடையும்போதே துண்டு கழன்று வந்துவிடும்.

8. திருப்பிப் போடும்போது

316 ரக எஸ்.எஸ். கேட்டு வாங்குங்கள், 304ஐவிட உப்பைத் தாங்கும். மரையில், இறுகிப் பிடிக்காமல் தடுக்கும் ஆன்டி-சீஸ் பசை, கிடைக்காவிட்டால் கெட்டியான மரைன் கிரீஸ். எஸ்.எஸ்ஸும் அலுமினியமும் ஒட்டும் இடத்தில் நைலான் வாசர். மாதம் ஒருமுறை எல்லாவற்றையும் கால் சுற்று தளர்த்தி இறுக்குங்கள்.

சேர்க்கை: பைபர் உடம்பில் இறங்கிய ஸ்க்ரூவுக்கும் கொதிநீர் ஊற்றலாமா என்று மூக்கையூரிலிருந்து ஒருவர் கேட்டிருந்தார். வேண்டாம், அந்தச் சூட்டில் ரெசின் இளகும். சால்டரிங் அயர்ன் முனையை ஸ்க்ரூத் தலையிலேயே சில நிமிடம் வைத்து எடுங்கள். சூடு பெரும்பாலும் ஸ்க்ரூவை ஒட்டியே நிற்கும், ஆறும்போது பிடி தளரும்.

இன்னொன்று: ஏ.டி.எஃப். கலவை வழிந்து படகின் பெயின்டு இளகிவிட்டதாக இரண்டு பேர் எழுதினார்கள். அது அசிட்டோன் வேலை, மேலேயே சொல்லியிருக்க வேண்டும். போல்ட்டைச் சுற்றி கிரீஸால் ஒரு வரப்பு கட்டிவிட்டு, ஊசி இல்லாத சிரிஞ்சில் சொட்டுச் சொட்டாக விடுங்கள்.