தலையாட்டினால் சம்மதம் ஆகிவிடாது: குழுவை நடத்துபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நான் குழுவை நடத்த ஆரம்பித்த முதல் வருடம். புதுத் திட்டத்தைத் திரையில் போட்டு அரை மணி நேரம் விளக்கிவிட்டு, "எல்லாருக்கும் ஓகேவா?" என்றேன். ஏழு தலைகளும் ஆடின. மூன்று வாரம் கழித்துப் பார்த்தால், வேலை ஆளுக்கொரு பக்கம் போயிருந்தது. 'சீக்கிரம் வெளியிடுவோம்' என்று நான் சொன்னதை, வசதிகளைக் குறைக்கலாம் என்று ஒருவர் புரிந்துகொண்டிருந்தார். சோதனையைக் குறைக்கலாம் என்று இன்னொருவர். இருவர் மேலும் தப்பில்லை. "ஓகேவா?" என்று கேட்டால் "ஓகே"தான் வரும். இப்போதெல்லாம், "இந்த வாரம் எதை முதலில் எடுப்பீங்க, எதைத் தள்ளி வைப்பீங்க?" என்று ஒவ்வொருவரிடமும் கேட்கிறேன். புரிதல் எங்கே பிசகுகிறது என்பது அந்தப் பதிலிலேயே தெரிந்துவிடும்.

ஒரு தடவை சொன்னால் போதும் என்று நினைப்பது அடுத்த தவறு. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 1990-ல் எலிசபெத் நியூட்டன் ஒரு சோதனை செய்தார். எல்லோருக்கும் தெரிந்த பாடல்களின் தாளத்தைச் சிலர் மேசையில் தட்ட, மற்றவர்கள் அது என்ன பாட்டு என்று கண்டுபிடிக்க வேண்டும். பாதிப் பேராவது கண்டுபிடிப்பார்கள் என்று தட்டியவர்கள் நம்பினார்கள். தட்டிய 120 பாடல்களில் சரியாகச் சொல்லப்பட்டவை 3 மட்டுமே. தட்டுபவர் மனதில் மெட்டு ஓடுகிறது. கேட்பவருக்கு டொக் டொக் சத்தம்தான். மாதக்கணக்கில் நீங்கள் யோசித்த விஷயம் குழுவுக்கு நான்கு ஸ்லைடாகத்தான் போய்ச் சேர்கிறது. என்ன முடிவு என்பதோடு, எந்தெந்த வழிகளை வேண்டாம் என்று ஒதுக்கினீர்கள், ஏன் என்பதையும் சொல்லுங்கள்.

என்னைக் கேட்டால், எல்லாவற்றையும்விடப் பெரிய சேதம் கெட்ட செய்தி வரும் அந்த நிமிடத்தில்தான் நடக்கிறது. ஒரு மாலை, குழுவிலேயே இளையவர் மூடிய லேப்டாப்பை மார்போடு அணைத்தபடி என் மேசையருகே வந்து நின்றார். "இந்தத் தேதிக்கு முடியாது போலிருக்கு" என்றார். "இதை ஏன் இப்ப வந்து சொல்றீங்க?" என்பதுதான் என் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை. "சாரி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அதற்குப் பிறகு எந்தத் தாமதமும் எனக்கு முன்கூட்டித் தெரியவரவில்லை, அவரிடமிருந்து மட்டுமல்ல, பக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்த மற்றவர்களிடமிருந்தும். பின்னால் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். ஆனாலும் அவர் பழையபடி வந்து பேசப் பல மாதங்கள் ஆயின.

மருத்துவமனைக் குழுக்களில் மருந்து கொடுப்பதில் நேரும் பிழைகளை 1990-களில் ஆராய்ந்த எமி எட்மண்ட்சன், நல்ல குழுக்களில் பிழை குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். பதிவுகளில் இருந்ததோ நேர்மாறு. அவர்கள் அதிகம் தவறு செய்யவில்லை. செய்ததை மறைக்காமல் சொன்னார்கள். அதனால் உங்கள் குழுவில் பிரச்சினையே வருவதில்லை என்றால் சந்தோஷப்படாதீர்கள், விசாரியுங்கள். யாராவது வந்து சொன்னால், "சொன்னது நல்லது, இப்ப என்ன உதவி வேணும்?" என்று ஆரம்பியுங்கள். யாரால், எதனால் என்ற ஆராய்ச்சியை இரண்டு நாள் கழித்து வைத்துக்கொள்ளலாம்.

வாக்குறுதி விஷயமும் உண்டு. "உங்க பதவி உயர்வுக்கு நான் பேசறேன்" என்று போகிற போக்கில் சொல்லிவிடுகிறோம். நாம் மறந்துவிடுவோம், அவர் மறக்கமாட்டார். முடியவில்லை என்றால், அவர் கேட்பதற்கு முன் நீங்களே போய்ச் சொல்லிவிடுங்கள்.

முடிவை எடுத்து வைத்துக்கொண்டு கருத்துக் கேட்பதும் வேண்டாம். இரண்டாவது முறையே கண்டுபிடித்துவிடுவார்கள். மூன்றாவது முறை வாயே திறக்கமாட்டார்கள். எல்லோருக்கும் ஒரே கருத்து இருக்க வேண்டும் என்பதில்லை. எதிர்ப்பைக் கேட்டு, அதற்குப் பதில் சொல்லி, பிறகு முடிவெடுத்தால் எதிர்த்தவரும் கூட நின்று வேலை செய்வார். மேலிடத்தில் ஏற்கெனவே முடிவாகிவிட்டதா? அதையும் நேராகச் சொல்லலாம்: "இது முடிவாயிடுச்சு, மாத்த முடியாது. எப்படிச் செய்யலாம்னு மட்டும் பேசலாம்."