எழிலில் லூப் எழுதுவது எப்படி: ‘வரை’ என்ற சொல்லைக் கவனியுங்கள்

ஏழாம் வாய்ப்பாட்டைத் திரையில் வரவழைக்க வேண்டும். பத்து வரிதான், ஒவ்வொன்றையும் கையால் எழுதிவிடலாம். நூறு வரி என்றால் கை வலிக்கும். ஒருமுறை எழுதியதை வேண்டிய தடவை ஓட வைப்பதுதான் லூப்.

நான் எழில் மொழியில் காட்டுகிறேன். முத்து அண்ணாமலை உருவாக்கிய இந்தத் தமிழ் நிரல்மொழி, பைத்தான் என்ற இன்னொரு நிரல்மொழியில் எழுதப்பட்டது. முதன்முதலாக நிரல் எழுத வருபவருக்கு நான் இதைத்தான் பரிந்துரைப்பேன். கட்டளைச் சொற்களே தமிழில் இருப்பதால் மனம் முழுக்க யோசனையில் நிற்கும். பைத்தானுக்கு அப்புறம் போகலாம். எழிலை நிறுவி, ‘பதிப்பி’ என்ற கட்டளையால் ஒரு வரியைத் திரையில் வரவழைத்துப் பார்த்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன்.

எ = 1
@( எ <= 10 ) வரை
    பதிப்பி எ, "× 7 =", எ * 7
    எ = எ + 1
முடி

முதல் வரி தொடக்கம். அடைப்புக்குறிக்குள் இருப்பது நிபந்தனை: எ பத்தாகவோ அதற்குக் குறைவாகவோ இருக்க வேண்டும். எ = எ + 1 என்பது எ-யின் மதிப்போடு ஒன்றைக் கூட்டும். ‘முடி’ வந்ததும் நிரல் மறுபடி மேலே போய் நிபந்தனையைக் கேட்கும்.

நான் மாட்டிக்கொண்ட இடம் இரண்டாவது வரி. பத்தைத் தாண்டும் வரை ஓடட்டும் என்று நினைத்து @( எ > 10 ) வரை என்று எழுதினேன். திரையில் ஒரு எழுத்துகூட வரவில்லை, பிழைச் செய்தியும் இல்லை. நிறுவியதில்தான் கோளாறு என்று எண்ணி எழிலை அழித்துவிட்டு மறுபடி நிறுவினேன். அன்று மாலை முழுவதும் அதிலேயே போயிற்று.

தமிழில் ‘வரை’க்கு இரண்டு பொருள் உண்டு. “பஸ் வரும் வரை நில்” என்றால் பஸ் வந்ததும் நிற்பதை விட்டுவிடலாம். “உயிர் உள்ள வரை மறக்க மாட்டேன்” என்றால் உயிர் இருக்கும் காலமெல்லாம் என்று பொருள். எழிலின் ‘வரை’ இந்த இரண்டாவது வகை. நிபந்தனை உண்மையாக உள்ள வரை ஓடும். நான் எழுதியதில் எ-யின் மதிப்பு 1. அது 10-ஐ விடப் பெரிதல்ல. முதல் கேள்வியிலேயே பதில் ‘இல்லை’, அதனால் நிரல் உள்ளேயே நுழையவில்லை. இப்போதெல்லாம் அந்த வரியை “எ பத்துக்குள் உள்ள வரை” என்று வாய்விட்டுப் படித்துவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போகிறேன்.

எ = எ + 1 விட்டுப்போனால் எ என்றும் 1-தான். “1 × 7 = 7” நிற்காமல் ஓடும். பதற வேண்டாம், கன்ட்ரோல் விசையை அழுத்தியபடி ‘சி’யைத் தட்டுங்கள்.

லூப் புரிய ஒரு நோட்டும் பென்சிலும் போதும். எந்தத் திரைக்கருவியையும்விட எனக்கு உதவியது அதுதான். கடைசிச் சுற்றுகளை எழுதிப் பாருங்கள்:

எ 9: பத்துக்குள்தான், 63
எ 10: பத்துக்குள்தான், 70
எ 11: இல்லை, வெளியே

லூப் முடிந்தபின் எ-யின் மதிப்பு 11. இதை நோட்டில் பார்த்தபிறகுதான் <= என்ற இடத்தில் < போட்டால் 70 ஏன் வராது என்பது எனக்குத் தெளிவானது.

எத்தனை சுற்று என்று முன்பே தெரிந்தால், எழிலின் இன்னொரு லூப்பான ‘ஆக’ எனக்குப் பிடிக்கும். தொடக்கம், நிபந்தனை, கூட்டல் மூன்றும் ஒரே வரியில் வந்துவிடுவதால் எதையும் மறக்க வழியில்லை:

@( எ = 1, எ <= 10, எ = எ + 1 ) ஆக
    பதிப்பி எ * 7
முடி

பிற்சேர்க்கை: 1 முதல் 10 வரை கூட்டினால் 55-க்குப் பதில் 10 வருகிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். அவர் மொத்தம் = 0 என்ற வரியை லூப்புக்குள் வைத்திருந்தார். ஒவ்வொரு சுற்றிலும் சேர்த்தது அழிந்து, கடைசி 10 மட்டும் மிஞ்சியது. அந்த வரியை ‘@’ வரிக்கு மேலே தூக்கி வையுங்கள், 55 வந்துவிடும்.