டாக்டருக்குப் படிக்கணுமா, எஸ்பிஎம்முக்கு அப்புறம் முதல் வருசத்த இப்படிப் பிளான் பண்ணுங்க

மலேசியாவுல ஃபார்ம் ஃபைவ் முடிவுல எழுதுற எஸ்பிஎம் பரீட்சை ரிசல்ட் வந்த ஒடனே நம்ம பக்கம் எல்லா வீட்டுலயும் ஒரே பேச்சுதான், மெட்ரிக்கா ஃபார்ம் சிக்ஸான்னு, ரெண்டுமே பல்கலைக்கழகத்துக்கு முன்னாடி படிக்கிற படிப்பு. அந்தப் பேச்சு முடியறதுக்குள்ளயே வாரக்கணக்கா ஓடிடுது, ஆனா உள்ள போனதுக்கு அப்புறம் எந்தப் பாடம் எடுக்கணும், எதுக்கு எவ்ளோ நேரம் கொடுக்கணும்னு யாரும் உக்காந்து பேசுறது இல்ல. நான் சுங்கை சிப்புட்ல ஃபார்ம் சிக்ஸ் பிள்ளைங்களுக்கு கெமிஸ்ட்ரி டியூசன் எடுக்குறேன். தோட்டத்துலயும் தாமான்லயும் இருந்து மெடிசின் படிக்கணும்னு வர்ற பிள்ளைங்க நெறைய பேர் நல்ல மூளைக்காரங்க, ஆனா கடைசி செமஸ்டர்ல தான் ஓட ஆரம்பிக்கிறாங்க. சீட்டு கைவிட்டுப் போறது முதல் செமஸ்டர்லயே. அதனால தான் இத எழுதுறேன்.

முதல்ல எஸ்பிஎம் சிலிப்ப கையில எடுங்க. மலேசிய மருத்துவ மன்றம், அதான் எம்எம்சி, கேக்குற அடிப்படை என்னன்னா பயோலாஜி, கெமிஸ்ட்ரி, ஃபிசிக்ஸ், மேத்ஸ் இல்லன்னா ஆட் மேத்ஸ், இன்னொரு பாடம், இந்த அஞ்சுலயும் பி இருக்கணும். அதுக்கு மேல ஃபார்ம் சிக்ஸ் பரீட்சையான எஸ்டிபிஎம்னா பயோ, கெமிஸ்ட்ரி, அப்புறம் மேத்ஸோ ஃபிசிக்ஸோ ஒண்ணு, மூணுலயும் குறைஞ்சது பி. மெட்ரிக்னா பிஎன்ஜிகே, அதாவது எல்லாப் பாடத்தோட சராசரிப் புள்ளி, 4.00க்கு 3.00. இது வாசல்படி மட்டும்தான், அரசாங்கப் பல்கலைக்கழகத்துல மெடிசின் கிடைக்கிறவங்க 4.00 பக்கத்துல நிக்கிறவங்க, அத மனசுல வச்சுக்கிட்டு தான் மீதியப் படிக்கணும்.

ஃபார்ம் சிக்ஸ் போறவங்களுக்கு பெங்காஜியான் ஆம், அதாவது மலாய்ல கட்டுரை எழுதுற பொதுப் பாடம், கட்டாயம், அதோட கெமிஸ்ட்ரி, பயோ, மேத்ஸ் டி எடுங்க. ஃபிசிக்ஸ் எடுத்தாலும் மெடிசினுக்குச் செல்லும், ஆனா நான் மேத்ஸ் தான் சொல்லுவேன். மூணாவது செமஸ்டர் மேத்ஸ் முழுக்க புள்ளியியல், டாக்டர் ஆனதுக்கு அப்புறம் ஒரு ஆராய்ச்சிக் கட்டுரையப் படிச்சுப் புரிஞ்சுக்க அது தான் கைகொடுக்கும், மெடிசின் கிடைக்கலன்னா ஃபார்மசி, பல் மருத்துவம், பயோமெடிக்கல்னு வேற வழிகளும் திறந்து இருக்கும். ஆர்வக் கோளாறுல ஃபிசிக்ஸையும் சேத்து அஞ்சு பாடம் எடுக்காதீங்க, அஞ்சாவது பாடம் மத்த நாலையும் கீழ இழுக்கும். இன்னொண்ணு, சின்ன டவுன் பள்ளிக்கூடத்துல ஆள் பத்தலன்னா பயோ கிளாஸே திறக்க மாட்டாங்க. பதிவு பண்றதுக்கு முன்னாடியே நேர்ல போயி இந்த வருசம் பயோ இருக்கா, லேப் இருக்கா, டீச்சர் இருக்காங்களான்னு கேளுங்க. இல்லன்னா ஈப்போ பக்கம் பாருங்க, பஸ் செலவுக்குப் பயந்து பயோ இல்லாத பள்ளியில உக்காந்துடாதீங்க.

மெட்ரிக் கிடைச்சவங்க மாடூல, அதாவது பாடத் தொகுப்பப் பாருங்க. மாடூல் ஒண்ணுல மேத்ஸ், கெமிஸ்ட்ரி, பயோ, ஃபிசிக்ஸ் நாலும் வரும். மாடூல் மூணுல ஃபிசிக்ஸுக்குப் பதிலா கம்ப்யூட்டர் சயின்ஸ். மாடூல் ரெண்டுல பயோவே கிடையாது, அதுல உக்காந்துட்டு மெடிசின் கேக்க முடியாது, அதனால பதிவு நாள்லயே ஆஃபீஸ்ல சொல்லி மாத்தப் பாருங்க. 2024ல எஸ்பிஎம்ல 10ஏவும் அதுக்கு மேலயும் எடுத்தவங்களுக்கு இனம் பாக்காம மெட்ரிக் இடம்னு அரசாங்கம் அறிவிச்சதுல நம்ம பிள்ளைங்களுக்குக் கொஞ்சம் வழி திறந்துருக்கு. ஆனா மெட்ரிக் ஒரு வருசம் தான், ரெண்டே செமஸ்டர், தடுக்கி விழுந்து எழுந்திரிக்க நேரம் கிடையாது. மெதுவாப் புரிஞ்சுக்கிட்டு ஆழமாப் படிக்கிற பிள்ளைக்கு ஃபார்ம் சிக்ஸோட மூணு செமஸ்டர் தான் நல்லதுன்னு நான் நெனைக்கிறேன், அத ரெண்டாந்தரம்னு பாக்குற பெரியவங்க பேச்சக் கேக்காதீங்க.

இப்ப முக்கியமான விசயத்துக்கு வரேன். சயின்ஸ் பிள்ளைங்க பெங்காஜியான் ஆம தூக்கி ஓரமா வச்சுடுவாங்க, கட்டுரைப் பாடம் தானே, கடைசி வாரம் பாத்துக்கலாம்னு. பிஎன்ஜிகேல அதுக்கும் பயோவுக்கும் ஒரே எடை. நாலு பாடத்துல மூணு ஏ எடுத்து பெங்காஜியான் ஆம்ல மட்டும் ஏ மைனஸ் வந்தா 4.00 இல்ல, 3.92. அதுலயே பி வந்தா 3.75. கெமிஸ்ட்ரியில ராத்திரி பகலா ஒழச்ச ஒழைப்பு அங்க கரைஞ்சு போகுது. வாரத்துக்கு ஒரு மலாய்க் கட்டுரை, முதல் மாசத்துல இருந்தே எழுதி டீச்சர்ட்ட திருத்தி வாங்குங்க, தமிழ்ப்பள்ளியில இருந்து வந்தவங்களுக்கு இது ரொம்பவே அவசியம்.

அதே மாதிரி தான் கோகுரிகுலும், அதாவது பாடத்துக்கு வெளிய உள்ள நடவடிக்கை. அரசாங்கப் பல்கலைக்கழக இடத்துக்கு விண்ணப்பிக்கிற யுபியுவோட மெரிட் கணக்குல படிப்புக்கு 90, கோகோவுக்கு 10. ஒரு பொண்ணு 4.00 எடுத்து கோகோவுல 6 வச்சுருந்தா மொத்தம் 96. இன்னொரு பையன் 3.92 எடுத்து கோகோவுல 9 வச்சுருந்தா 88.2 கூட்டல் 9, அதாவது 97.2. பையன் தான் முன்னாடி. அதனால முதல் வாரமே பூலான் சபிட் மேராவோ செயின்ட் ஜானோ சேந்துடுங்க, முதலுதவி கத்துக்கிட்ட மாதிரியும் ஆச்சு, இன்டர்வியூல மெடிசின் ஏன்னு கேட்டா சொல்றதுக்கு நெஜமான அனுபவமும் இருக்கும். ஒரு பொறுப்புல நில்லுங்க, சர்ட்டிஃபிகேட்ட எல்லாம் ஒரே ஃபைல்ல போட்டு வைங்க.

கெமிஸ்ட்ரிக்கு வருவோம். எஸ்டிபிஎம் முதல் செமஸ்டர் முழுக்க ஃபிசிக்கல் கெமிஸ்ட்ரி, ரெண்டாவதுல மிச்ச ஃபிசிக்கலும் இனார்கானிக்கும், மூணாவது ஆர்கானிக். முதல் செமஸ்டர்ல தான் அதிகம் பேர் சறுக்குறாங்க, எஸ்பிஎம்ல மனப்பாடம் பண்ணி ஏ வாங்குன பழக்கம் இங்க செல்லாது. ஐயானிக் இக்விலிப்ரியம் வந்ததும் பாருங்க, 0.1 மோலார் அசிட்டிக் ஆசிடோட பிஎச் என்னன்னு கேட்டா பாதி பேர் 1னு எழுதுவாங்க. அது வீக் ஆசிட், ஒரு சின்னப் பகுதி தான் பிரியும், கேஏ, அதாவது ஆசிட் எவ்ளோ பிரியும்னு சொல்ற எண்ணப் போட்டு கணக்குப் பண்ணா 2.9 கிட்ட வரும். விடை தப்புன்னு கோடு போட்டுட்டுப் போகாதீங்க. எதனால 1னு தோணுச்சு, எந்த இடத்துல வீக் ஆசிட்ங்கறத மறந்தேன்னு பக்கத்துலயே எழுதுங்க. அதுக்குன்னே ஒரு நோட்டு வைங்க, பரீட்சைக்கு முந்துன வாரம் அந்த நோட்டு போதும். அதே பாடத்துல வர்ற, பிஎச் சட்டுன்னு மாறாமப் பாத்துக்கிற பஃபர் தான் நம்ம ரத்தத்துலயும் இருக்கு, ரத்தத்தோட பிஎச் 7.35ல இருந்து 7.45 வரைக்கும் தான் இருக்கணும், பைகார்பனேட் பஃபர் தான் அதப் பெருமளவுக்குப் பிடிச்சு வைக்குது. இனிப்பு நீர் முத்திப்போயி ரத்தத்துல ஆசிட் ஏறுன ஆள ஆஸ்பத்திரியில எப்படிப் பாக்குறாங்கன்னு நாளைக்குப் படிக்கும்போது இந்தக் கணக்கு தான் அடியில கிடக்கும். இத எடுத்துச் சொன்னா பிள்ளைங்க முகமே மாறும், எனக்கு அந்தப் பாடம் எடுக்க ரொம்பப் பிடிக்கும்.

பயோ முதல் செமஸ்டர்ல செல், மெம்ப்ரேன், என்சைம், ரெஸ்பிரேசன், ஃபோட்டோசிந்தசிஸ். கெமிஸ்ட்ரி பாண்டிங் புரியாம மெம்ப்ரேன் புரியாது, அதனால ரெண்டையும் அடுத்தடுத்த நாள் படிங்க. படம் வரைஞ்சு பழகுங்க, பாத்துட்டுப் போனா நிக்காது. மேத்ஸ் டிக்கு தினமும் ஒரு மணி நேரம், அவ்ளோதான்.

லேப் ரிப்போர்ட் அன்னைக்கே எழுதிடணும். எஸ்டிபிஎம்ல பிராக்டிக்கல் மார்க்கு ரிசல்ட்டுல சேருது, அத அடுத்தவங்க நோட்டப் பாத்துக் காப்பி அடிச்சா எண்ணு ஒரே மாதிரி வந்து மாட்டிக்குவீங்க. முதல் செமஸ்டர் சொதப்பிட்டா ரிப்பீட் எழுதலாம் தான், ஆனா அதுக்குப் படிக்கிற நேரத்த வேற செமஸ்டர்ல இருந்து தான் எடுக்கணும்.

வாரத்துல ஒரு நாள் மூயேட்டுக்கு, அதாவது பல்கலைக்கழகம் போகக் கேக்குற இங்கிலீஷ் பரீட்சைக்கு ஒதுக்குங்க. பேண்ட் 4 இருந்தா நிம்மதி. எஸ்டிபிஎம் சயின்ஸ் கேள்வித்தாள் மலாய், இங்கிலீஷ் ரெண்டுலயும் இருக்கும், ஆனா மருத்துவப் புத்தகம் எல்லாம் இங்கிலீஷ், அதனால ஒவ்வொரு கலைச்சொல்லையும் ரெண்டு மொழியிலயும் எழுதிப் பழகுங்க.

காசு விசயத்துல அப்பா அம்மாவோட வெளிப்படையாப் பேசுங்க. ஃபார்ம் சிக்ஸுக்குப் பெருசா செலவு இல்ல, மெட்ரிக்குலயும் அப்படித்தான். தனியார் ஃபவுண்டேசனுக்கு ஆயிரக்கணக்குல வெள்ளி போகும், அதுவும் எல்லாப் பல்கலைக்கழகமும் அந்த ஃபவுண்டேசன ஏத்துக்காது, கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி வேற எங்கெல்லாம் செல்லும்னு எழுத்துல கேட்டு வாங்குங்க. பால் வெட்டியும் செம்பனை குலை தூக்கியும் சேத்த காச அங்கயே எடுத்துட்டா, அஞ்சு வருச மெடிசினுக்கு என்ன பண்றது? தனியார்ல மெடிசின் முடிக்க லட்சக்கணக்குல ஆகும். பெடோங் பக்கத்துல இருக்குற தனியார் பல்கலைக்கழகம் ஏய்ம்ஸ்ட் ஆகட்டும் வேற எதுவாகட்டும், அது பிஎன்ஜிகே கைக்கு வந்ததுக்கு அப்புறம் யோசிக்க வேண்டிய கணக்கு.

யுபியு பாரத்துல மெடிசின மட்டும் வரிசையா நிரப்பிட்டு உக்காராதீங்க. யூஎம், யூகேஎம், யூஎஸ்எம்னு அரசாங்கப் பல்கலைக்கழகங்களோட மெடிசின மேல போடுங்க, கீழ பல் மருத்துவம், ஃபார்மசி, பயோமெடிக்கல் போடுங்க. ஒவ்வொரு கோர்ஸுக்கும் கேக்குற பாடம், மூயேட் பேண்ட், இன்டர்வியூ உண்டா இல்லையான்னு யுபியு பக்கத்துலயே இருக்கும், அத முதல் செமஸ்டர் தொடங்குன வாரமே ஒரு தாள்ல எழுதி படிக்கிற மேசைக்கு மேல ஒட்டுங்க. அந்த நிபந்தனை வருசா வருசம் மாறும், அதனால போன வருசம் அக்கா சொன்னாங்க, அண்ணன் சொன்னாங்கன்னு நம்பிடாம பாரம் திறக்குற அன்னைக்கு இன்னொரு தடவ சரி பாருங்க.