கதை முடிஞ்சதும் நீதி என்னன்னு கேட்டுடாதீங்க

தேவதைக் கதை சொல்றதுல நாம பண்ற பெரிய தப்பு, முடிஞ்ச உடனே "சரி, இதுலருந்து என்ன கத்துக்கிட்ட"ன்னு கேக்குறதுதான். அந்த நிமிஷமே கதை பரிட்சை ஆயிடுது, புள்ளையும் நம்ம மூஞ்சியப் பாத்து எந்த பதில் நமக்குப் புடிக்குமோ அதச் சொல்லிட்டு ஓடிடும்.

மொதல்ல புக்க மூடி வைங்க. ஒரு தடவ நீங்க படிச்சிட்டு யாரு, அவங்களுக்கு என்ன வேணும், எது தடுக்குது, கடைசில என்ன ஆச்சு, இவ்ளோ ஞாபகம் இருந்தா போதும், மிச்சத்த வாய்க்கு வந்தபடி சொல்லலாம். ஆனா திரும்பத் திரும்ப வர்ற வரிய மட்டும் மனப்பாடம் பண்ணிக்கோங்க. சிவப்புத் தொப்பிக்காரி கதைல பாட்டி வேஷம் போட்ட ஓநாய்கிட்ட அந்தப் பொண்ணு "பாட்டி பாட்டி, உங்க காது ஏன் இவ்ளோ பெருசா இருக்கு"ன்னு கேப்பா, அப்புறம் கண்ணு, அப்புறம் வாயின்னு வரும்ல, வாய் வர்றப்போ நீங்க நிறுத்துங்க, புள்ளையே சொல்லிடும். ஒரே கதைய பத்து நாள் கேட்டா பத்து நாளும் சொல்லுங்க, அலுப்பு நமக்குத்தான், அதுக்கு இல்ல.

அஞ்சாறு வயசு ஆனதும் நான் சொல்ற வழி, ஒரே கதைய ரெண்டு விதமா ரெண்டு ராத்திரி சொல்றது. அதே சிவப்புத் தொப்பிக்காரி கதைய 1697ல சார்ல் பெரோங்கிற எழுத்தாளர் பிரெஞ்சுல எழுதுனப்போ ஓநாய் அவளத் தின்னுடும், அவ்ளோதான், காப்பாத்த யாரும் வரமாட்டாங்க. 1812ல ஜெர்மனில கதைகளத் தொகுத்த கிரிம் சகோதரர்கள் போட்டதுலதான் வேட்டைக்காரர் வந்து வயித்த வெட்டி வெளிய எடுக்குறாரு. சின்ட்ரெல்லாவும் அப்படித்தான், பெரோ கதைல கண்ணாடிச் செருப்பு, தேவதை, பூசணி வண்டி எல்லாம் உண்டு, கிரிம்ல தேவதையே கிடையாது, அம்மா சமாதில வளந்த மரமும் பறவையும்தான் டிரெஸ் குடுக்கும், செருப்பும் தங்கம். உனக்கு எது வேணும், ஏன்னு கேட்டுப் பாருங்க, நீங்க கேக்காத நீதியெல்லாம் அதுவே பேசும்.

இந்தக் கதைகள்ல வர்ற கொடுமைக்கார சித்தி விஷயத்துல கொஞ்சம் கவனமா இருங்க. நமக்கு அம்மாவோட தங்கச்சியும் சித்தி, அப்பாவோட ரெண்டாவது சம்சாரமும் சித்தி, புள்ள குழம்பிடும். கிரிம் சகோதரர்களோட ஹான்ஸெல் கிரெட்டல் கதைல, மொதல் பதிப்புல அந்த அண்ணன் தங்கச்சிய காட்டுல விடச் சொன்னது பெத்த அம்மாவேதான், பின்னாடி வந்த பதிப்புலதான் சித்தின்னு மாத்துனாங்க. அதனால வீட்டு நெலமைக்கு ஏத்த மாதிரி நீங்களும் மாத்தலாம், ஒண்ணும் பாவம் இல்ல.

பயமுறுத்துற இடத்த வெட்டிடாதீங்க, ஓநாய் இல்லாத கதைல என்ன இருக்கு சொல்லுங்க. ரத்தத்த வர்ணிக்க வேணாம், அந்த எடத்துலயே "மீதி நாளைக்கு"ன்னு லைட்ட அணைக்கவும் வேணாம், முடிவு வரைக்கும் கொண்டு போயிடுங்க. டென்மார்க் எழுத்தாளர் ஆண்டர்சனோட குட்டிக் கடற்கன்னி மாதிரி நுரையா கரைஞ்சு போற கதையெல்லாம் புள்ள கொஞ்சம் பெருசானதும் சொல்லிக்கலாம்.

அப்புறம் ஒரு நாள் புள்ளைய சொல்லச் சொல்லிட்டு நீங்க படுத்துக் கேளுங்க. ஓநாய்க்குப் பல்லு வலி, அதனால பாட்டியத் திங்கலன்னு சொன்னாலும் திருத்தாதீங்க, "அப்புறம்?"னு மட்டும் கேளுங்க.