கூலி பாக்கி, உபவாச ஜெபம்: அன்பில் நாம் சறுக்கும் இடங்கள்

கோத்தகிரிப் பக்கம் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் தேயிலை இருக்கிறது. ஃபேக்டரியிலிருந்து இலைப் பணம் மாதத்துக்கு ஒருமுறைதான் வரும், அதைச் சாக்காக வைத்து, பறிக்க வருகிற அக்காவின் கூலியை "அப்புறம் சேர்த்துத் தர்றேன்" என்று இழுப்பது எனக்குப் பழகிப்போயிருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்குக் கிளம்பி, வெள்ளைச் சட்டையும் பைபிளுமாக வாசலில் இறங்குகிறேன், இடுப்பில் கட்டிய பிளாஸ்டிக் ஷீட்டில் மழைத்தண்ணி சொட்டச் சொட்ட அந்த அக்கா நிற்கிறார். "தம்பி, கேஸ் தீர்ந்து மூணு நாளாச்சு, ஒரு ஐந்நூறாவது குடு." "வந்து தர்றேன்க்கா, ஜெபத்துக்கு நேரமாச்சு." சட்டைப் பையில் காணிக்கைக்கென்று எடுத்து வைத்த ஐந்நூறு ரூபாய்த் தாள் இருந்தது.

கடவுளுக்கு ஒரு நோட்டு, மனிதர்களுக்கு ஒரு நோட்டு என்று தனித்தனியாகக் கணக்கு வைக்கிற இந்தப் பழக்கம்தான் நம் தவறுகளில் பெரியது. எது பிரதான கட்டளை என்று கேட்டவருக்கு இயேசு ஒன்றோடு நிறுத்தவில்லை, கடவுளிடம் முழு இருதயத்தோடு அன்பு, பிறனிடம் தன்னைப்போல அன்பு என்று இரண்டையும் சேர்த்தே சொன்னார் (மத்தேயு 22). இரண்டாவது, பழைய ஏற்பாட்டில் லேவியராகமம் 19:18-ல் ஏற்கெனவே இருப்பது. அங்கிருந்து ஐந்து வசனம் மேலே போய்ப் பாருங்கள்: கூலிக்காரனின் கூலி விடியும்வரை உன்னிடம் இருக்கக் கூடாது. சண்டே ஸ்கூலில் 18-ஐ மனப்பாடம் செய்து பரிசே வாங்கியிருக்கிறேன், 13-ஐ யாரும் சொல்லித் தரவில்லை, நானும் தேடிப் படிக்கவில்லை.

இதே கதை வீட்டுக்குள்ளும் நடக்கிறது. அப்பா அம்மாவுக்குச் செய்ய வேண்டியதை "கொர்பான்", அதாவது காணிக்கை, என்று சொல்லித் தட்டிக்கழித்தவர்களை மாற்கு 7-ல் இயேசு கண்டிக்கிறார். சபை கன்வென்ஷன் கூட்டங்களுக்கு மூன்று நாள் லீவு போடுகிறவருக்கு அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக அரை நாள் கிடைக்காதாம்.

அடுத்தது, "ஜெபிச்சுக்கிறேன்" என்று சொல்லி நழுவுவது. ஜனவரியில் உறைபனி விழுந்து புல்லெல்லாம் வெள்ளையாகக் கிடக்கும் காலையில் யாக்கோபு 2:16-ஐ எடுத்துப் படித்துப் பாருங்கள். உடையும் சாப்பாடும் இல்லாதவரிடம் "குளிர்காய்ந்து பசியாறுங்கள்" என்று வாயால் மட்டும் சொல்லி அனுப்பினால் என்ன பிரயோஜனம் என்று கேட்கிறார். சமவெளியில் எப்படியோ, இந்தக் குளிரில் அது கூடுதலாகவே உறைக்கும். ஜெபம் வேண்டாம் என்று சொல்லவில்லை. வீட்டில் கம்பளி சும்மா கிடந்தால் அதையும் கையோடு எடுத்துப் போங்கள்.

ஜெபக் குறிப்பு என்ற பெயரில் ஊர்க்கதை பேசுவது இன்னொன்று. "அந்த வீட்டுப் பொண்ணுக்காக ஜெபிங்க, விஷயம் வெளிய போக வேண்டாம்" என்று ஆரம்பிக்கிறவர் முழு விஷயத்தையும் சொல்லிவிட்டுத்தான் கண்ணை மூடுவார். பெயர் சொல்லாமலும் ஜெபிக்கலாம், கடவுளுக்கு விலாசம் தெரியும்.

சமாதானம் பேசும் வசனத்தையும் நாம் வசதியாகத் திருப்பிப் போட்டுக்கொள்கிறோம். காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டுப் போய் ஒப்புரவாகு என்கிற மத்தேயு 5:23-24-ல், உனக்கு அவன்மேல் குறை இருந்தால் என்று இல்லை, உன்மேல் அவனுக்குக் குறை உண்டென்று நினைவு வந்தால் என்றுதான் இருக்கிறது. வேலித் தகராறில் "அவர் வந்து பேசட்டும்" என்று வருடக்கணக்காக உட்கார்ந்திருப்பவர்கள் இதை இன்னொரு தடவை படிக்கலாம்.

எதிர்ப்பக்கமும் ஒரு பள்ளம் உண்டு: அன்பென்றால் கேட்டதற்கெல்லாம் சரி சொல்வது என்று நினைப்பது. இயேசு சொன்ன கதையில் வரும் நல்ல சமாரியன், வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்குக் காயம் கட்டினான், சத்திரத்தில் சேர்த்தான், இரண்டு வெள்ளிக்காசு கொடுத்தான், மேலே செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்று சொல்லிவிட்டுத் தன் பயணத்தைத் தொடர்ந்தான். குடிக்கக் காசு கேட்கும் தம்பிக்கு இல்லை என்று சொல்லி, சாப்பாடு போட்டு உட்கார வைப்பதும் அன்புதான், திட்டு வாங்கித் தரும் அன்பு.

அந்த அக்காவின் கூலியை நான் கொடுத்தது மறுநாள் காலையில். இரண்டு தடவை எண்ணி, சேலை முந்தானையில் முடிந்துகொண்டு, "ஜெபம் நல்லா நடந்துச்சா தம்பி?" என்று கேட்டார். கிண்டலா, நிஜமாகவே கேட்டாரா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.