வரவேண்டிய நேரம் கடந்துவிட்டதா? ‘ஓவர்டியூ’ என்று சொல்லுங்கள்

ஹட்டன் புகையிரத நிலையத்தில் பதுளைக் கோச்சிக்குக் காத்திருக்கும் நம் பிள்ளைகள், எந்தத் தாமதத்தையும் ‘லேட்’ என்ற ஒரே சொல்லால் சொல்லிவிடுகிறார்கள். அது பிழையன்று, ஆனால் வரவேண்டிய நேரம் கடந்தும் இன்னும் வந்து சேராத ஒன்றுக்கு ‘ஓவர்டியூ’ என்ற சொல்லே கச்சிதமாகப் பொருந்தும். ‘த ட்ரெயின் இஸ் ட்வென்டி மினிட்ஸ் ஓவர்டியூ’ என்றால், இருபது நிமிடங்கள் கடந்தும் வண்டியைக் காணவில்லை என்று பொருள். வண்டி மேடைக்கு வந்து நின்றுவிட்டால், ‘இட் கேம் லேட்’ என்பதே சரி. மண்சரிவு போன்ற காரணத்தால் தடைப்பட்டதைச் சொல்ல ‘டிலேய்ட்’ இருக்கிறது. தவணை கடந்தும் கட்டாத மின்கட்டணமும் திருப்பிக் கொடுக்காத நூலகப் புத்தகமும்கூட ‘ஓவர்டியூ’தான்.

இதன் முன் ‘லோங்’ சேர்த்தால், எப்போதோ நடந்திருக்க வேண்டியது என்ற ஆதங்கமும் ஏறிக்கொள்ளும். இந்தப் பிரயோகம் மட்டும் காரியம் நடந்து முடிந்த பின்னும் செல்லும். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்ட மலையக மக்களுக்காக 2003ஆம் ஆண்டிலும் ஒரு சட்டம் இயற்ற வேண்டியிருந்ததை, ‘தட் லோ வோஸ் லோங் ஓவர்டியூ’ என்று தயங்காமல் எழுதலாம்.